பி.எம்.ஐ. நார்மல் என்கிறார்கள், அப்பாவின் வயிறு வேறு சொல்கிறது

பாம்பன்காரன்:
எங்கள் ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்கு அப்பாவையும் அக்காவையும் கூட்டிப் போனேன். அப்பாவுக்கு 54 வயது, உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ, பி.எம்.ஐ. 22.8, நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். முழங்கால் வலியால் அவர் படகுக்குப் போவதை விட்டுச் சில வருடமாகிறது, இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுவதுதான் வேலை, கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளிவிட்டது. அப்பத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. அக்காவுக்கு 33 வயது, கடல்பாசி எடுக்கப் போகிறவள், 152 செ.மீ., 58 கிலோ. அவளிடம்தான் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு பேரில் யாரை நினைத்துக் கவலைப்படுவது?

தொண்டி செவிலி:
தம்பி, அப்பாவை நினைத்துத்தான். பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுப்பது, அவ்வளவுதான். அந்த எடையில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதில் தெரியாது. வலை இழுத்த உடம்பு உட்கார்ந்துவிட்டால் தோளிலும் தொடையிலும் சதை கரையும், வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், எடை மெஷினில் அதே 62 தான் காட்டும். ஈரலிலும் குடலைச் சுற்றியும் சேரும் அந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. நம் நாட்டு உடம்புக்கு இது அதிகம். புனே மருத்துவர் யாக்னிக் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தன்னையும் ஓர் ஆங்கிலேய மருத்துவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடல் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. வயிற்றைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள். இந்தியர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டாலே கவனிக்க வேண்டும்.

கீழக்கரை டெய்லர்:
ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பேண்ட் தைக்க நாங்கள் எடுக்கும் இடுப்பளவை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தொப்பை உள்ளவர்கள் பேண்டையும் கைலியையும் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுவார்கள், அங்கே அளந்தால் குறைத்துத்தான் காட்டும், அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சை இயல்பாக விட்டபிறகு படிக்க வேண்டும்.

பாம்பன்காரன்:
அப்படியே அளந்தேன் அண்ணே. அப்பாவுக்கு 96, அக்காவுக்கு 74.

மண்டபம் ஆசிரியர்:
அப்பாவின் உயரத்தில் பாதி 82.5. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டுதலே கொடுத்தது. டேப் இல்லாத வீட்டில்கூட இதைப் பார்க்கலாம்: ஆள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள், முனைகள் சேராவிட்டால் அளவு தாண்டிவிட்டது. நைலான் இழுபடும், சணல் கயிறு நல்லது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணையும் போட்டுப் பார்த்தேன். 50 வயது தாண்டியதற்கு 30, ஆணுக்கு 90 முதல் 99 வரையிலான வயிற்றுக்கு 10, உடற்பயிற்சி இல்லாமல் உட்கார்ந்த வேலைக்கு 30, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்ததற்கு 10, ஆக 80. அறுபதைத் தொட்டாலே அபாயம் அதிகம் என்று கணக்கு. இது நோய் இருக்கிறது என்று சொல்வதல்ல, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே என்று சொல்வது.

தொண்டி செவிலி:
சரியாகச் சொன்னீர்கள் சார். தம்பி, அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), கொலஸ்ட்ரால், பிரஷர் எல்லாம் பார்க்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு, மருத்துவர் மறுபடி பார்த்து உறுதி செய்வார். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தாலும் வயிறு இப்படித்தான் முன்னால் வரும், டேப் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

அக்காவுக்கு பி.எம்.ஐ. 25.1, இந்தியக் கணக்கில் கூடுதல்தான், அதனால் முகாமில் சொன்னது தப்பில்லை. ஆனால் வயிறு பாதி உயரத்துக்குள் இருக்கிறது, இடுப்பளவு நீரில் நாள் முழுக்க உழைக்கிற உடம்பு, சதையும் எடை போடும். சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பிரஷரும் சர்க்கரையும் ஒரு தடவை பார்த்தால் போதும். கர்ப்பமாக இருந்தால் இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது.

பாம்பன்காரன்:
நன்றி அக்கா. விசைப்படகுக்குப் போகிற தம்பியையும் அளக்கலாமா? 27 வயதுதான்.

தொண்டி செவிலி:
அளக்கலாம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15ஆம் தேதி ஒரு தடவை, முடியும்போது ஜூன் 14ஆம் தேதி ஒரு தடவை, இரண்டு தடவையும் ஒரே ஆள், ஒரே டேப்பில் அளக்கட்டும்.