கேரள முன்னாள் முதல்வர், மறைந்த கம்யூனிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தனை நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

மூணாறு மகள்:
2015 செப்டம்பர், மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களின் போராட்டம். அம்மாவுக்கு நாள்கூலி 232 ரூபாய். போனஸையும் 10 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். வந்த தலைவர்களையும் தொழிற்சங்கக்காரர்களையும் பெண்கள் விரட்டிவிட்டார்கள். ஆனால் வி.எஸ்.ஸுக்கு வழிவிட்டார்கள். அவருக்கு அப்போது 91 வயது. அம்மா தலைத்துண்டை அவிழ்த்து, நனைந்திருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார். 20 சதவீத போனஸுக்கு ஒப்பந்தம் ஆகும்வரை வி.எஸ். அங்கேயே இருந்தார். "அவரும் கயிறு ஃபாக்டரியில் கூலி வாங்கியவர்தான்" என்றார் அம்மா. நான் கல்லூரிச் சீருடையில் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றேன். கொழுந்து பறிப்பவரின் மகள் என்று தெரிந்துவிடுமோ என்று அம்மா அருகில் போகவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

கம்பம் விவசாயி:
உங்கள் அம்மாவை வணங்குகிறேன் சகோதரி. ஆனால் முல்லைப் பெரியாறில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்ன பிறகும் எதிர்த்து நின்றவர் அவர். 2011 டிசம்பரில் அணைத் தகராறில் குமுளி வழி அடைபட்டபோது, என் பன்னீர் திராட்சை கூடலூரிலேயே நின்று, பெட்டிக்கு அடியில் சாறு ஒழுகியது. இந்தப் பக்கமும் கூலியாட்கள்தானே இருக்கிறோம்?

மலம்புழை தையற்காரர்:
கம்பம் ஐயா, அணை விஷயத்தில் கேரளத்தில் எல்லாக் கட்சிக்கும் ஒரே குரல். உயரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது 2006 மார்ச்சில்; இவர் முதல்வரானது மே மாதம். பழியை ஒருவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

நான் பார்த்தது ஒரு நிமிடம்தான். 2006 தேர்தலில் எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்தார். கடைப் பையன் காஜா எடுப்பதை நின்று பார்த்தார், பேசாமல் போனார். தாய் தந்தையை இழந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, அண்ணனின் தையற்கடையில் சேர்ந்தவர் அல்லவா!

மூணாறு தங்கைக்கு ஒன்று. அம்மாவின் கூலிச் சீட்டு, போனஸ் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வைப்பு நிதிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதும்போது எழுத்து மாறிவிடும். ஓய்வு பெற்ற பிறகு திருத்த அலைய வேண்டிவரும். என் அக்கா இரண்டு வருடம் அலைந்தார். வாரிசுப் பெயரையும் பதிந்துவிடுங்கள். இதை நாளைக்கென்று தள்ளாதீர்கள்.

பொள்ளாச்சி லாரிக்காரர்:
2025 ஜூலை 23, ஆலப்புழை. தென்னை நார் லோடுடன் கூட்டத்தில் சிக்கிக்கொண்டேன். திருவனந்தபுரத்திலிருந்து முந்தின நாள் கிளம்பிய அவரது உடல் இன்னும் வந்து சேரவில்லை. சாலை நெடுக மக்கள் நின்றபடி இருந்தார்கள். 1946 புன்னப்புரா-வயலார் தொழிலாளர் எழுச்சியின் தியாகிகள் உறங்கும் வலிய சுடுகாட்டில்தான் அவருக்கும் இடம் என்றார்கள். கயிறு திரித்துக் காய்த்த கைகளோடு ஒரு பாட்டி, குடைகளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிப் படியில் ஏற்றி நிறுத்தினேன். அவர் உடலை ஏந்திய பஸ் எங்களைக் கடந்து போய் வெகுநேரம் ஆன பிறகும் பாட்டி இறங்கவில்லை. நானும் வண்டியைக் கிளப்பவில்லை.