பென் எபிசோடு: துக்கமா, ஏமாற்று வேலையா?

தேரடி வாசி
நேற்று ராத்திரி ஸ்க்ரப்ஸ் என்ற அமெரிக்க ஆஸ்பத்திரி டிவி தொடரின் மூன்றாம் சீசனில் 14ஆம் எபிசோடைத் (மை ஸ்க்ரூ அப், 2004) திரும்பப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். டாக்டர் காக்ஸின் மச்சினன் பென்னுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து அடங்கியிருந்தது. ரெண்டு வருஷம் கழித்து வந்து, இடையில் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை என்கிறார். நோயாளிகளைத் தன்கீழ் வேலை பார்க்கும் இளம் டாக்டர் ஜே.டி. பொறுப்பில் விட்டுவிட்டு காக்ஸ் வெளியே போய்த் திரும்பினால், ஒரு நோயாளி இதயம் நின்று இறந்திருக்கிறார். யாரோ வயசானவர் என்றுதான் நாம் நினைக்கிறோம், ஏனென்றால் பென் காக்ஸோடு பேசிக்கொண்டே திரிகிறார். கடைசியில் மகனின் முதல் பிறந்தநாளுக்கு வந்திருப்பதாக நினைத்து நிற்கும் காக்ஸிடம், நாம் எங்கே இருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள் என்கிறான் ஜே.டி. அது பென்னின் அடக்கம், இறந்த நோயாளி பென்தான். துக்கத்தை இதைவிட உண்மையாகக் காட்டிய ஆஸ்பத்திரி நாடகத்தை நான் பார்த்ததில்லை.

குறுக்குத்துறை
அண்ணாச்சி, என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. செத்தவர் யார் என்பதை ஒளித்து வைத்துக் கடைசி நிமிஷத்தில் காட்டினால் வருவது அதிர்ச்சிதான், துக்கம் இல்லை. என் அண்ணன் ஐப்பசியில் இறந்தான். விடியற்காலம் போன் வந்தது, வெளிச்சம் வருவதற்குள் வாசலில் பெஞ்சு போட்டாகிவிட்டது, எதிர்வீட்டு ஆச்சி கருப்பட்டிக் காப்பி போட்டு அனுப்பினாள், நீர்மாலைக்கு, அதாவது அவனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, ஆற்றுக்குப் போய்க் குடத்தோடு ஈரவேட்டியில் நடந்து வரும்போது தெருவே கூட வந்தது. துட்டி வீட்டில் மனுசனைத் தனியாக விடமாட்டார்கள். காக்ஸ் நாள்கணக்கில் தூங்காமல் அலைகிறாரே, அவரைப் பிடித்து உட்காரவைக்க ஒரு ஆள் இல்லையா?

தேரடி வாசி
தம்பி, ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. பென் காமிராவும் கையுமாகவே இருப்பார், சாகும்வரை இதை விடமாட்டேன் என்று அவரே சொல்கிறார். அந்த நோயாளி இறந்த பிறகு அவர் கையில் காமிரா கிடையாது, காக்ஸைத் தவிர யாரும் அவரோடு பேசுவதும் கிடையாது. எல்லாம் நம் கண்முன்தான் இருக்கிறது, நாம் பார்க்க மறுக்கிறோம். துக்கத்தின் ஐந்து நிலையில் முதல் நிலையே மறுப்புதானே.

ராத்திரி டியூட்டி
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பாளையங்கோட்டைப் பக்கம் ஐசியூவில் நர்ஸாக ரொம்ப வருஷம் இருந்தவள். அந்த ஐந்து நிலையை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசித்தான், இழந்தவர்களை வைத்து இல்லை. வரிசையாக எல்லாருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த எபிசோடு பொய்யில்லை. ஒரு அம்மாவிடம் டாக்டர் விஷயத்தைச் சொன்னபோது அவர் கையை நான்தான் பிடித்திருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அரைமணி நேரம் கழித்துத் தூக்குவாளியோடு வந்து, மூடியைத் திறந்து, நாலு இட்லி, மேலே மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும், "தம்பிக்கு இப்போ குடுக்கலாமா தாயி?" என்று கேட்டார். மூடியில் ஆவி முத்துமுத்தாக நின்றது. காக்ஸ் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த மூடிதான் ஞாபகம் வந்தது.

குறுக்குத்துறை
அக்கா, படிக்கவே முடியவில்லை. ஆனாலும் நீங்கள் அந்த அம்மா கையைப் பிடித்திருந்தீர்களே, நான் கேட்பதும் அதைத்தான். காக்ஸுக்கு யார் இருந்தார்கள்?

தேரடி வாசி
ஜே.டி. இருந்தானே. பழியை அவன்மேல் போட்டு விரட்டின பிறகும், அடக்கத்தில் காக்ஸ் பக்கத்தில் நிற்பவன் அவன்தான். அவனை மன்னித்துவிடு என்று பென் கேட்டுக்கொண்டே வருகிறாரே, அது காக்ஸின் மனசேதான். அந்த மன்னிப்பை அவரால் சொந்தக் குரலில் சொல்ல முடியவில்லை, அதனால் செத்தவன் வாயால் சொல்லிக்கொள்கிறார்.

குறுக்குத்துறை
இதை நான் யோசிக்கவில்லை. ஒன்று சொல்கிறேன். பதினாறு முடிந்து பந்தலைப் பிரித்து ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு ஆற்றில் வெள்ளம் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்று சொல்ல, யோசிக்காமல் அண்ணன் நம்பரை அழுத்திவிட்டேன். மதினி எடுத்தார்கள். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை. காக்ஸ் பென்னோடு பேசிக்கொண்டு திரிவது இதுதான் என்றால் அதை ஒத்துக்கொள்கிறேன். பார்க்கிறவனிடம் கடைசிவரை மறைத்தது மட்டும் இன்னும் எனக்குச் சம்மதமில்லை, அண்ணாச்சி.