ர-வுக்குச் சாய்கோடு போடாவிட்டால் குடியா முழுகிவிடும்?

ரெட்டைக்கோடு
நேற்று பிள்ளை வளர்ப்புப் பகுதியில் ஒரு அம்மா, 8-ஆம் வகுப்பு படிக்கும் மகனின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீபோர்டு குமரன் அருளிய பதில் இது: "கையெழுத்தெல்லாம் போன தலைமுறையோடு முடிந்தது. ர-வுக்கு வால் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, படிக்கிறவனுக்குப் புரியும்." இதற்கு 18 லைக் வேறு. நான் பதில் தட்டி முடிப்பதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் தனி இழை.

முதலில், அது வால் இல்லை. சாய்கோடு. 31 வருஷம் தமிழ் ஐயாவாக இருந்தவன் சொல்கிறேன், அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டால் ர-வும் துணைக்காலும் ஒன்றுதான். நரகம் நாகமாகும். பரதம் பாதமாகும். வரகு வாகாகும். தரம் போய்த் தாம் வரும். "பாராட்டு" என்று கோடில்லாமல் எழுதிப் பாருங்கள், ப-வுக்கு அடுத்து மூன்று கம்பி நிற்கும், ஜன்னல் மாதிரி. படிக்கிறவனுக்குப் புரியுமாம். படிக்கிறவன் என்ன ஜோசியனா?

கையெழுத்து எங்கே கெடுகிறது என்று எனக்குத் தெரியும். இரட்டைக்கோடு நோட்டில் முதல் வரியை ஆசிரியர் எழுதித் தருவார். இரண்டாவது வரியைப் பிள்ளை அதைப் பார்த்து எழுதும். மூன்றாவதை, தான் எழுதிய இரண்டாவதைப் பார்த்து எழுதும். பத்தாவது வரிக்கு வரும்போது ர தேய்ந்து காலாகியிருக்கும். என் வகுப்பில் கடைசி வரியில் தொடங்கிக் கீழிருந்து மேலே எழுதச் சொல்வேன். தான் எழுதியதைக் கை மறைத்துவிடும், வேறு வழியில்லாமல் மேலே இருக்கும் நல்ல எழுத்தைப் பார்த்தாக வேண்டும்.

கீபோர்டு குமரன்
ஐயா வணக்கம். எனக்காகத் தனி இழையே திறந்து கௌரவித்ததற்கு நன்றி.

"நீ நாகத்துக்குத்தான் போவாய்" என்று யாராவது சாபம் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் பின்னால் இருக்கும் சொல்லை வைத்துத்தான் எல்லோரும் படிக்கிறோம். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளியே கிடையாது, ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசம் கிடையாது, அதற்காகச் சிலப்பதிகாரம் அழிந்தா போய்விட்டது? அப்புறம் பழைய அச்சுப் புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்கள். ர், ரி, ரீ எதிலும் வால் இருக்காது, வெறும் கால், அதன் தலையில் புள்ளியோ கொக்கியோ. அந்த அச்சுக்காரர்களை எல்லாம் பெஞ்சு மேல் ஏற்றினீர்களா?

நான் பேனா பிடித்து முழுப் பக்கம் எழுதியது கடைசியாக 2011-இல், செமஸ்டர் தேர்வில். சம்பளம் ஒழுங்காகத்தான் வருகிறது.

ரெட்டைக்கோடு
சம்பளத்தைப் பற்றி இங்கே யார் கேட்டது, தம்பி?

ஓலையில் வித்தியாசம் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறாய். இல்லாததால் என்ன பாடு பட்டார்கள் என்று சுவடி பதிப்பித்தவர்களைக் கேட்டிருக்க வேண்டும். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். புள்ளி இல்லை, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா தெரியாது, ரகரமா காலா தெரியாது. ஒரு சொல்லுக்காக ஊர் ஊராகப் போய் வேறு ஏடு தேட வேண்டியிருந்தது. உன் நோட்டுக்கும் அப்படி ஒருவர் பிறந்து வர வேண்டுமா?

ர், ரி, ரீ-யில் வால் இல்லாவிட்டாலும் குழப்பம் வராது. காலுக்கு மேல் புள்ளியோ கொக்கியோ வரவே வராது என்பதால் அச்சில் விட்டார்கள். நான் பேசுவது வெறும் ர. வெறும் ர. படித்துவிட்டுப் பதில் எழுது.

சும்மா வந்தேன்
ஐயாவே "வால்" என்று எழுதிவிட்டார். குமரன் 1, ஐயா 0.

ரெட்டைக்கோடு
அவன் சொன்ன சொல்லை அவனுக்கே திருப்பிச் சொன்னேன். சாய்கோடு.

மருந்துக்கடை மாப்ள
சண்டையில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 19 வருஷமாகச் சீட்டு படிக்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தி, மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. இன்றும் சில சீட்டு வரும், பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த மாதிரி இருக்கும். புள்ளி 5 என்பதை முன்னால் பூஜ்யம் போடாமல் எழுதி, அந்தப் புள்ளியும் மங்கிப் போனால் அது 5. பத்து மடங்கு. புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன், அதற்கும் டாக்டரிடம் திட்டு விழும். கையெழுத்து முடிந்துபோன விஷயம் என்கிறவர் ஒரு நாள் என் கல்லாவில் வந்து நிற்கட்டும்.

ரெட்டைக்கோடு
கேட்டுக்கொள் குமரா. ஒரு சின்னப் புள்ளிக்கே இந்தக் கதி. சாய்கோட்டுக்கு?

கீபோர்டு குமரன்
மாப்ள அண்ணே, உங்கள் டாக்டர் ஆங்கிலத்தில்தானே எழுதுகிறார்? அதில் ர எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. நீங்கள் எனக்குத்தான் வாதாடியிருக்கிறீர்கள்.

மைக்கூடு
எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், யாராவது பேனாவைப் பற்றிப் பேசுங்கள். பால்பாயின்ட்டை அழுத்தினால்தான் எழுதும். அழுத்தி அழுத்தி, இரண்டாம் பக்கத்தில் கட்டை விரல் வலிக்கும், வேகத்துக்கு முதலில் விட்டுப்போவது இந்த மாதிரி சின்னக் கோடுகள்தான். மைப்பேனாவை அழுத்த வேண்டாம், நிப்பின் கோணம் தவறினால் எழுதாது, பிடி தானாகத் திருந்தும். ராஜமுந்திரி ரத்னம் பேனா 1932-லிருந்து இருக்கிறது, கையால் கடைந்து செய்கிறார்கள். அந்தப் பையனுக்கு மைப்பேனா ஒன்று வாங்கிக் கொடுங்கள், மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும்.

ரெட்டைக்கோடு
பேனாவா எழுதுகிறது? கை எழுதுகிறது. போன வருஷம் ஹீரோ பேனா இழையில் டூப்ளிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு அசல் என்று நான்கு பக்கம் வாதாடியவர் தானே நீங்கள்?

மைக்கூடு
அது அசல்தான். இன்னும் எழுதுகிறது. அந்தப் படத்தில் வெளிச்சம் சரியில்லை என்று அப்போதே சொன்னேன்.

இடக்கையாள்
மைப்பேனா என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. நான் இடது கைக்காரி. இடமிருந்து வலமாக எழுதும்போது என் கை ஈர மையின் மேலேயே போகும். பக்கம் முழுக்க இழுபட்டு, சுண்டுவிரல் அடிப்பக்கம் நீலமாகி, "கையெழுத்தா இது" என்று மூன்றாம் வகுப்பில் ஒரு தமிழ் ஐயா ஸ்கேலால் முட்டியில் அடித்தே வலது கைக்கு மாற்றப் பார்த்தார். மாறவில்லை. தாளை வலப்பக்கம் சாய்த்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதினால் மை படாது என்று கல்லூரிக்குப் போன பிறகு நானாகக் கண்டுபிடித்தேன். அந்த ஐயாவுக்கு அது தெரியாது. சாய்கோடு நன்றாகத் தெரிந்திருந்தது.

ரெட்டைக்கோடு
சகோதரி, எல்லா ஆசிரியரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். நான் யாரையும் அப்படி அடித்ததில்லை. ஸ்கேலின் தட்டைப் பக்கத்தால் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான், அதுவும் ர-வை விட்டவர்களுக்கு மட்டும்.

இடக்கையாள்
தட்டைப் பக்கமாம்.

கரட்டுக்காரன்
எங்கள் வீட்டில் இதனால் 14 வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நாமக்கல் பக்கம். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம், கையால் எழுதியது. பெரியப்பா பங்கில் "மேல்புறக் கரடு" என்று இருக்க வேண்டும், எழுதியவர் கோடு போடாததால் "மேல்புறக் காடு" என்று படிக்கலாம். எங்கள் ஊரில் காடு என்றால் வெள்ளாமை விளையும் புஞ்சை. கரடு என்றால் பாறை, ஆடு கூட யோசித்துத்தான் ஏறும். அப்பா கரடு என்கிறார், பெரியப்பா காடு என்கிறார். எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரெட்டைக்கோடு
இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு சாய்கோடு, அரை அங்குலம் கூட இல்லை, ஒரு குடும்பம் பிரிந்து கிடக்கிறது. 18 லைக் போட்டவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து எடுத்துவிட்டுப் போகவும்.

கீபோர்டு குமரன்
பத்திரத்தில் சர்வே எண், நான்கெல்லை எதுவும் இல்லையா? அதைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இது ர சண்டை இல்லை, நிலச் சண்டை. கோடு போட்டிருந்தால் வேறு காரணம் கிடைத்திருக்கும்.

கரட்டுக்காரன்
எங்கள் குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு செய்யவில்லை. தெரியாததைப் பேச வேண்டாம்.

தும்பிக்கை லை
ஐயாவுக்கு ஒரு கேள்வி. நான் இன்றும் லை, ணை, னை எல்லாம் பழைய முறையில் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்துச் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935-இல் ஆரம்பித்தார், 1978-இல் அதற்கு அரசாணை வந்தது, நீங்கள் ஒரே நாளில் தும்பிக்கையை வெட்டிவிட்டுப் புது லைக்கு மாறியிருப்பீர்கள். தும்பிக்கை போகலாம், வால் மட்டும் போகக் கூடாதோ? காந்தியே தன் கையெழுத்து மோசம் என்று சத்திய சோதனையில் வருந்தியிருக்கிறார், பிள்ளைக்கு முதலில் படம் வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் எழுத்தைத் தொட வேண்டும் என்கிறார். நீங்கள் என்னடா என்றால் ஒரே கோட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கீபோர்டு குமரன்
அந்தக் கையெழுத்தோடுதான் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார்.

ரெட்டைக்கோடு
காந்தி எழுதியது குஜராத்தி. நாம் பேசுவது ர. தும்பிக்கையை எடுத்ததால் எந்த எழுத்தும் இன்னொரு எழுத்தாக மாறவில்லை, அதனால் ஏற்றுக்கொண்டேன். இது கூடவா புரியவில்லை? எல்லோரும் சேர்ந்து பேச்சை மாற்றுகிறீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. நரகத்துக்கும் நாகத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? சாய்கோடு இருக்கிறது. குமரனின் கணினியிலும் இதே வியாதிதான். "அவர்" என்று தட்டச் சொன்னால் ர்-க்குப் பதில் துணைக்காலையும் புள்ளியையும் அடித்து வைக்கிறார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிறது, தேடினால் அகப்படாது. முன்பின் பார்த்துப் படிக்க உன் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையே தம்பி, ஏன்?

புதுசு கண்ணா
ஒரு சந்தேகம். நல்ல கையெழுத்து என்றால் அழகாக இருப்பதா, தெளிவாக இருப்பதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

கீபோர்டு குமரன்
ஐயா, அது தட்டுகிறவர் தவறு. பழைய டைப்ரைட்டர் பழக்கம். ஃபின்லாந்தில் 2016-லேயே பள்ளியில் கையெழுத்தை நிறுத்திவிட்டார்கள், தெரியுமா?

மருந்துக்கடை மாப்ள
நிறுத்தியது சேர்த்து எழுதும் கர்சிவ் மட்டும், தம்பி. தனித்தனி எழுத்தாகக் கையால் எழுத இன்னும் சொல்லித் தருகிறார்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு வர வேண்டாம்.

செந்தூரம்
அந்த அம்மா நான்தான். என் மகன் ர-வை ஒழுங்காகத்தான் எழுதுகிறான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதில்லை, ஒரு பக்கமே ஒரே சொல் மாதிரி இருக்கிறது, அப்புறம் வரி போகப் போக மேலே ஏறுகிறது. அதற்கு யாராவது வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ரெட்டைக்கோடு
அம்மா, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தத் தம்பி பதில் சொல்லட்டும். குமரா, இவ்வளவு பேசுகிறாயே, "பாராட்டு" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் படம் போடு. எல்லோரும் பார்க்கட்டும்.

இடக்கையாள்
செந்தூரம், இரண்டு சொல்லுக்கு நடுவில் இடது கை ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு அடுத்ததை எழுதச் சொல்லுங்கள், ஒரு வாரம் போதும். வரி ஏறினால் தாளைப் பாருங்கள். எழுத எழுத மேலே தள்ளாமல் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு முழங்கையை மடக்குவானாயிருக்கும்.

கீபோர்டு குமரன்
[படம்] இதோ. ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு எழுதியது. யாருக்காவது படிக்க முடியவில்லையா?

சும்மா வந்தேன்
ஐயய்யோ, இதில் ர-வுக்கு வால் இருக்கிறது!

ரெட்டைக்கோடு
பார்த்தாயா, உன் கை உன்னை விட நல்ல பிள்ளை. மூன்றாம் வகுப்பில் யாரோ ஒரு ஆசிரியர் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கீபோர்டு குமரன்
அது வால் இல்லை. பேனா எடுக்கும்போது இழுபட்டது.

மைக்கூடு
பால்பாயின்ட்டா? அப்படி இழுபடாதே.

ரெட்டைக்கோடு
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இழுபட்டது இல்லை, போட்டது. சாய்கோடு.

கீபோர்டு குமரன்
இழுபட்டது.