பம்ப்ஃபாயில் பழகியவர்கள் வாருங்கள்: மண்டையை விட்டுப் போகாத அந்த ஒரு தடவையை எழுதுங்கள்

ஏரிக்கரைவாசி, சூரிச்

பழகாதவர்களுக்கு ஒரு வரி: பம்ப்ஃபாயில் என்றால் மோட்டாரும் பாயும் இல்லாத போர்டு, அடியில் மாஸ்ட் என்கிற கம்பம், அதன் நுனியில் தண்ணீருக்குள் ஓர் இறக்கை, காலால் மிதித்து மிதித்தே தண்ணீருக்கு மேலே பறந்தபடி போவது. இது போன கோடையில் நடந்தது. யாரிடமாவது சொல்லித் தீர்க்கவேண்டும். சூரிச் ஏரியின் இடதுகரையில் ஒரு பாடி, அதாவது ஏரிக் குளிப்பிடம். பெயர் வேண்டாம், ஏற்கெனவே அங்கே கூட்டம். மரத்துறை தண்ணீரிலிருந்து முழங்கால் உயரம், கீழே நல்ல ஆழம், டாக் ஸ்டார்ட்டுக்கென்றே, அதாவது துறையில் ஓடிவந்து போர்டில் ஏறுவதற்கென்றே, கட்டிவைத்த மாதிரி இருக்கும். காலையிலிருந்து ஓடுகிறேன், போர்டை விடுகிறேன், பாய்கிறேன், மூக்குக் குத்திக் கவிழ்கிறேன், நீந்தி வந்து ஏணி ஏறுகிறேன்.

துறையின் ஓரத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு சுவிஸ் அம்மா துண்டு விரித்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் விழும்போதெல்லாம் பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார், மறுபடி தூக்கிக்கொள்வார். மதியம் நெருங்கும்போது எழுந்து வந்தார். "ஏன் குதிக்கிறாய்? பேசாமல் நடந்து ஏறு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு என்ன தெரியும், காட்டுகிறேன் பார் என்று அவர் சொன்னபடியே ஏறினேன். ஓட்டத்தைக் குறைக்கவில்லை. போர்டு கையை விட்டு வழுக்கும்போதே முன்காலை அதன் நடுவில் வைத்து, பின்காலை அதன் போக்கில் விட்டேன்.

போர்டின் வயிற்றில் தண்ணீர் சளப் சளப்பென்று அடிக்குமே, அந்தச் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது. கீழே பார்க்கக் கூடாது என்பார்கள், பார்த்தேன். மாஸ்ட் மட்டும் தண்ணீரைக் கீறிக்கொண்டு போகிறது. அதற்கும் கீழே இறக்கை கறுப்பாக என்னோடு கூடவே வருகிறது. ஏதோ ஓரிரு மிதி மிதித்தேன், அதற்குள் போர்டு தண்ணீரைத் தொட்டுவிட்டது. தொட்டால் வேகம் போய்க் கதை முடிந்தது, உங்களுக்கே தெரியும்.

நீந்தித் திரும்பினால் துண்டும் இல்லை, பேப்பரும் இல்லை. அவர் யார்? ஜிம்னாஸ்டிக் பழக்கியவரா, சும்மா கண்ணால் பார்த்தே சொன்னாரா? அதற்கப்புறம் எத்தனையோ தடவை அங்கே போய்விட்டேன், ஆள் கண்ணில் படவே இல்லை.

மஸ்கோகா மச்சான், ஒன்ராறியோ

அந்த அம்மா சொன்னதில் மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசி. 80 கிலோ ஆளை 2000 சதுர செ.மீ. இறக்கை தாங்க வேண்டுமென்றால் மணிக்கு 11, 12 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். அது நாம் துறையில் ஓடிவருகிற வேகம்தான், மிச்சம் வைக்க ஒன்றும் இல்லை. மேலே எழும்பிக் குதித்தால், நாம் காற்றில் இருக்கும் நேரம் போர்டு தன்பாட்டில் வேகம் இழக்கிறது. அப்புறம் மேலிருந்து தொப்பென்று இறங்கும்போது எடையைவிடப் பெரிய அடி விழுகிறது. இறக்கை ஸ்டால் ஆகாமல், அதாவது தூக்குவிசையை இழக்காமல், என்ன செய்யும்?

ஆனால் "நடந்து ஏறு" என்பது அசையாத துறைக்குத்தான் பொருந்தும். எங்கள் பக்கம் கொட்டேஜ் துறைகள் பல மிதவைகள். கடைசி அடியை ஊன்றினால் துறை நம்மை முன்னால் அனுப்பாது, தான் பின்னால் போகும். நான் முதன்முதலாக ஒழுங்காக எழும்பிய அன்று சொந்தக்காரர் எல்லாரும் அந்தத் துறை நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அவித்த சோளம் ஒரு பெரிய தட்டில். நான் ஓடிவந்து ஊன்ற, நுனி ஒரு பக்கம் அமிழ, தட்டு சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் மேலே பறக்கிறேன், பின்னால் ஒரே கூச்சல். எனக்குக் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் நாலு மிதி சேர்த்து மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் குப்புறப் படுத்துச் சோளம் பொறுக்குகிறார்கள். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் நம்ப ஆள் இல்லை.

பாசல் பெரியப்பா

பிள்ளைகளே, நான் இதில் ஏறுவதில்லை, மருமகன் ஏறுவான். ஒருநாள் றைன் ஆற்றங்கரையில் அவன் தண்ணீரிலிருந்து எழும்பி வந்து நிற்கிறான், முழங்காலுக்குக் கீழே தோல் நேர்கோடாகப் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது, அவனுக்கு அது தெரியவே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் வலி பிந்தித்தான் வரும் போல.

ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் இறங்க வேண்டாம். வெயில் காலமானாலும் கால் முழுக்க மூடும் வெட்சூட் போடுங்கள். இறக்கையில் வெட்டுவது முன்விளிம்பு இல்லை, பின்விளிம்பு. கார்பன் இறக்கை என்றால் அந்த விளிம்பை மிக மெல்லிய உப்புத்தாளால் ஒருதடவை லேசாகத் தேய்த்துவிடுங்கள், ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் போர்டைக் காலால் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கம் மல்லாந்து விழவேண்டும், தலைகீழாகப் பாயக் கூடாது. மாஸ்ட் 70 செ.மீ. என்றால் இடுப்பளவு தண்ணீர் போதும் என்று நினைக்காதீர்கள், துள்ளி இறங்கும்போது நிலத்தில் குத்தும். ஆளை மூழ்கடிக்கும் ஆழம் வேண்டும். அலுமினிய மாஸ்டில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை அப்படியே விட்டுவைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் கெதியாக. கழற்றிக் கிரீஸ் பூசுங்கள், ஒவ்வொரு தடவை இறங்கும் முன்னும் இறுக்கிப் பாருங்கள். ஏப்ரலில் வெயில் அடிக்கிறது என்று ஏமாறாதீர்கள், ஏரித்தண்ணீர் அப்போது 10 பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், விழுந்ததும் மூச்சு இழுத்துப் பிடிக்கும். பயணிக் கப்பல் வந்து கட்டும் துறைப்பக்கம் போகவே வேண்டாம், கப்பலுக்குச் சட்டென்று நிற்க வராது. தனியாகவும் போக வேண்டாம்.

பொடன்சே பெட்டை

பெரியப்பா கோபிக்க வேண்டாம், இங்கே அனுபவம்தான் கேட்டார்கள். எண்ணெய் பூசுகிற விபரம் யாரும் கேட்கவில்லை. பின்விளிம்பு விஷயம் மட்டும் உண்மை, என் கெண்டைக்காலும் சாட்சி சொல்லும்.

மச்சானுக்கு ஒன்று. 2000 இறக்கை 80 கிலோ ஆம்பிளைக்குச் சரியாக இருக்கலாம். நான் 52 கிலோ. கடையில் "தொடக்கத்துக்குப் பெரிசுதான் நல்லது" என்று அதையே என் தலையிலும் கட்டினார்கள். அது என்னை லிஃப்ட் மாதிரி நேரே மேலே தூக்கும். இறக்கை தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும், அடுத்த நொடி காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. எல்லாரும் "பின்னால் சாய்கிறாய், முன்னால் சாய்" என்றார்கள். முன்னால் சாய்ந்தால் மூக்கு. சிநேகிதி ஒருத்தியின் 1500ஐ வாங்கி ஏறிய அன்றுதான், இது என்னுடைய எடை பார்த்து எடுக்கவேண்டிய சாமான் என்று விளங்கியது.

மறக்காதது வேறு. எங்கள் பொடன்சே ஏரியில் கொன்ஸ்டான்ஸ்-மேர்ஸ்பூர்க் கார் ஃபெரி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் கரையோரம் மூச்சு வாங்கி இனி முடியாது என்று கடைசி மிதி மிதிக்கிறேன், போர்டு இறங்கிக்கொண்டே வருகிறது, அப்போது ஃபெரி கிளப்பிய அலை வந்து சேர்ந்தது. வெள்ளை நுரை ஒன்றும் இல்லை, சும்மா ஒரு சின்ன மேடு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது இறக்கைக்குக் கீழே வந்ததும் கால் இரண்டும் இலேசாகிவிட்டன. மிதிக்கவே இல்லை, நிற்கிறேன், போகிறது! முழங்காலை மடக்கக்கூடப் பயம், எங்கே கலைந்துவிடுமோ என்று. அலை முந்திப் போனதும் இறக்கிவிட்டது. அதிலிருந்து ஃபெரி நேர அட்டவணை என் ஃபோனில் இருக்கிறது. அத்தான் வேலைக்குப் போகத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

லொசான் ஓட்டக்காரன்

எல்லாரும் ஸ்டார்ட் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்டார்ட் கொஞ்ச நாளில் வந்துவிடும். உயிரை எடுப்பது அதற்கு அப்புறம்தான். நான் லொசான் 20 கிலோமீட்டர் ஓட்டத்தை ஓடி முடிக்கிறவன், அந்த மேடு பள்ளத்தையும் சேர்த்து. பம்ப்ஃபாயிலில் அரை நிமிடம் தாண்டுவதற்குள் தொடை இரண்டும் பற்றி எரியும், நாக்கு வெளியே வரும். ஒருநாள் அப்படித் துறை ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு பொடியன், பன்னிரண்டு வயது இருக்கும், கால் இரண்டும் குச்சி, என்னைக் கடந்து மிதவையைச் சுற்றித் திரும்பி வருகிறான், விசிலடித்துக்கொண்டு! மூச்சு வாங்கினால் விசில் வராது, கவனியுங்கள்.

அவன் கால்களையே பார்த்துக்கொண்டு தொங்கினேன். நான் கீழே ஓங்கி மிதிப்பதுதான் வேலை என்று நினைத்து ஓடுகிற ஆள். அவன் மிதிப்பதே தெரியவில்லை, முழங்காலை மேலே எடுப்பதுதான் தெரிந்தது. எடையைக் குறைத்ததும் போர்டு தானாக எழுந்து வருகிறது, வந்ததும் அதன் மேல் நிற்கிறான், இறக்கை சரிந்து முன்னால் வழுக்கி வேகம் எடுக்கிறது, மறுபடி எடையை எடுக்கிறான். தலை ஒரே மட்டத்தில் இருந்தது. எனக்கு அவன் தலை அசையாததுதான் இன்னும் எரிச்சல்.

பொடியன் எடை குறைவு, அதனால் சுலபம் என்று மச்சான் கணக்கோடு வருவார், தெரியும்.

மஸ்கோகா மச்சான், ஒன்ராறியோ

வருகிறேன். எடை குறைவென்றால் தேவையான வேகமும் குறைவு, அது உண்மை. 52 கிலோத் தங்கச்சி மேலே எழுதியதைப் படியுங்கள், அவருக்கு ஏன் விசில் வரவில்லை? ஆகவே நீங்கள் சொன்ன தாளம்தான் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீளமான ஒல்லி இறக்கை வைத்திருப்பான் அந்தப் பொடியன், இழுவை குறையும். அகலத்தைப் பார்த்தீர்களா?

லொசான் ஓட்டக்காரன்

தண்ணீருக்குள் இருந்த இறக்கையை ஏணியில் தொங்கிக்கொண்டு அளக்கச் சொல்கிறீர்கள்.

பொடன்சே பெட்டை

சிநேகிதி தன் 1500ஐத் திருப்பிக் கேட்கிறாள். சூரிச், கொன்ஸ்டான்ஸ் பக்கம் யாரிடமாவது பழையது விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு அந்த 2000 இருக்கிறது, 75 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் கேளுங்கள்.

ஏரிக்கரைவாசி, சூரிச்

என்னுடைய 2000 என்னிடமே நல்லாக இருக்கிறது. ஆனால் எங்கள் பாடியில் ஒருவர் 1450 விற்கிறார் என்று கேள்வி, சனிக்கிழமை விசாரித்து எழுதுகிறேன்.

பாசல் பெரியப்பா

பழையது வாங்குவதென்றால் காசு கொடுக்க முன் போல்ட் கழலுகிறதா என்று கையோடு கழற்றிப் பார் மகளே.