திருப்பூரில் லைன் வீடு வாங்கலாமா? அனுபவஸ்தர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். வாடகை வருமானத்துக்கு ஓர் இடம் வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இப்போது ஒரே வரிசையில் ஆறு சின்ன வீடு கொண்ட லைன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 52 லட்சம் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டு பனியன் ஆர்டர்கள் படுத்ததிலிருந்து விலை பேசினால் இறங்கி வருகிறார்கள். அதுதான் ஆசையும், பயமும்.

நேரில் போய்ப் பார்த்தேன். நாலு வீட்டில் ஆள் இருக்கிறது. மற்ற இரண்டும் பூட்டு; பூட்டில் துரு ஏறிவிட்டது. 'வீடு வாடகைக்கு' என்று பனியன் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், அதுவும் வெயிலில் வெளுத்துப்போச்சு.

ஒரு வீட்டுக்கு வாடகை 4,500. ஆறும் நிறைந்தால் 27,000. கையில் இருப்பது போக 25 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டி, 15 வருஷம் என்று வைத்தால்கூட மாதத் தவணை 25,000-ஐத் தாண்டுகிறது. இன்றைய நிலையில் வாடகை வருவதோ 18,000தான். பத்திரச் செலவு தனி.

வட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் வீடு எத்தனை மாதம் காலியாகக் கிடக்கும்? கொரோனா சமயத்தில் லைன் வீடு வைத்திருந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? விலையை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? வில்லங்கம் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. மனைவி நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டாள், எனக்குத்தான் மனசு வரவில்லை.