ஜிஎஸ்பி - ஹென்ட்ரிக்ஸ்: அந்த முதல் ரவுண்டு யாருக்கு?

கூண்டுக்கிளி:
2013 நவம்பர் 16, லாஸ் வேகாஸ், யூஎஃப்சி 167. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள்ள நடக்கற எம்எம்ஏ சண்டை. பெல்ட் வச்சிருந்த சாம்பியன் ஜிஎஸ்பி (ஜார்ஜ் செயின்ட் பியர்), எதிர்ல ஜானி ஹென்ட்ரிக்ஸ். சண்டை முடிஞ்சு நிக்கறப்போ ஜிஎஸ்பி முகம் வீங்கிக் கன்னிப்போயிருக்கு. ஹென்ட்ரிக்ஸ் முகத்தைப் பார்த்தா சண்டை போட்ட மாதிரியே தெரியலை. ஆனா 48-47, 47-48, 48-47ன்னு பெல்ட் ஜிஎஸ்பிக்கே போச்சு. அப்போ யூஎஃப்சி தலைவரா இருந்த டேனா வைட்டே அன்னிக்கு, ஜட்ஜுங்களை நியமிச்ச நெவாடா கமிஷனைக் கிழிகிழின்னு கிழிச்சார். அடி வாங்கினவர் ஜெயிச்சது எந்தக் கணக்குல?

இடதுகைக்காரன்:
முகத்துக்கு மார்க் கிடையாதுங்க. அஞ்சு ரவுண்டும் அஞ்சு தனிப் பரீட்சை. ரவுண்டை எடுத்தவருக்கு 10, மத்தவருக்குப் பெரும்பாலும் 9. ரெண்டாவது ரவுண்டுல ஹென்ட்ரிக்ஸ் அடியில ஜிஎஸ்பி கால் தள்ளாடிச்சே, அதுவும் 10-9தான். அஞ்சாவதுல ஜிஎஸ்பி கீழே தள்ளி எடுத்ததும் அதே 10-9தான். வலி ஒண்ணா இல்லை, மார்க் ஒண்ணு.

2, 4 ஹென்ட்ரிக்ஸுக்கு, 3, 5 ஜிஎஸ்பிக்குன்னு மூணு ஜட்ஜும் ஒத்துப்போனாங்க. பிரிஞ்சது முதல் ரவுண்டுல மட்டும். டி'அமாடோ, வீக்ஸ் ரெண்டு பேரும் ஜிஎஸ்பிக்குக் கொடுத்தாங்க, ட்ரோபிரிட்ஜ் ஹென்ட்ரிக்ஸுக்கு. மொத்தச் சண்டையும் அந்த அஞ்சு நிமிஷத்துல தொங்குது.

எல்போ_ஏகாம்பரம்:
அந்த அஞ்சு நிமிஷத்தையும் சொல்லுங்க! ஆரம்பத்துலேயே ஜிஎஸ்பி டேக்டவுன் (எதிராளியைக் கீழே தள்றது) எடுத்தார், சரி. கீழே வச்சு என்ன பண்ணினார்? ஹென்ட்ரிக்ஸ் எழுந்து வந்துட்டார். அப்புறம் கிளின்ச்சுல (ஒட்டிப் பிடிச்சு நிக்கறதுல), ஜிஎஸ்பி தலையைத் தாழ்த்திக் காலைப் பிடிச்சுட்டு இருக்கும்போது ஹென்ட்ரிக்ஸ் நெத்திப்பொட்டுப் பக்கமா குட்டைக் குட்டையா முழங்கையால இடிச்சார் பாருங்க. வீச்சு ஓரடிகூட இருக்காது, டிவில பார்த்தா தட்டற மாதிரிதான் இருக்கும். இன்னிக்கு விதிப்படி டேக்டவுன்ங்கறது ஆரம்பம்தான், அதுக்கப்புறம் சேதம் பண்ணினா, இல்லை சப்மிஷனுக்கு (பிடி போட்டுச் சரணடைய வைக்கறதுக்கு) போனாத்தான் மதிப்பு. 10-9 ஹென்ட்ரிக்ஸ்.

இடதுகைக்காரன்:
இன்னிக்கு விதியை 2013க்குப் போடக்கூடாது ஏகாம்பரம். அடி, கிராப்ளிங் (பிடிச்சு மல்லுக்கட்டறது) ரெண்டோட தாக்கம்தான் முதல்ல, முன்னேறிப் போறதும் கூண்டுக் கட்டுப்பாடும் அது ரெண்டும் சமமா இருந்தா மட்டும்தான்னு திட்டவட்டமா வந்தது 2017ல. அந்த முதல் ரவுண்டுல ஜிஎஸ்பி கில்லட்டினுக்கும் (கழுத்தை நெரிக்கற பிடி) போனார், அதை விட்டுட்டீங்க.

கூண்டுக்கிளி:
சரி, நானே ஸ்கோர் போட்டுப் பார்க்கணும்னா எப்படி?

எல்போ_ஏகாம்பரம்:
முதல் வேலை, சவுண்டை ஆஃப் பண்ணுங்க. கமென்டேட்டர் ஒருத்தர் பக்கம் கத்த ஆரம்பிச்சா நம்ம கண்ணும் அந்தப் பக்கம் சாயும். கூட்டத்தோட சத்தமும் அப்படித்தான், கையில பட்டு நின்ன குத்துக்கும் கத்துவாங்க. மணி அடிச்சதும் பேப்பர்ல எழுதிடுங்க, ரீப்ளே வர்றதுக்கு முன்னாடியே. ஜட்ஜுங்களும் ரவுண்டுக்கு ரவுண்டு சீட்டைக் கொடுத்துடறாங்க, பின்னாடி மாத்த முடியாது. அடி எண்ணிக்கையைப் பக்கத்துல வச்சுக்காதீங்க. லேசான ஜாப் குத்தும், கீழேயிருந்து தாடைக்கு வந்து தள்ளாட வச்ச அப்பர்கட்டும் அதுல ஒரே '1'தான்.

பொதுவா எல்லாரும் சறுக்கற இடம் கடைசி முப்பது செகண்டு. நாலரை நிமிஷம் நடந்தது மறந்து, கடைசியா கீழே தள்ளினவர் கண்ணுல நிப்பார்.

இடதுகைக்காரன்:
இதுல முழுசா உடன்பாடு. இன்னொண்ணு, மூணு ஜட்ஜும் கூண்டைச் சுத்தி மூணு பக்கம் உக்கார்றாங்க. வேலியோரக் கிளின்ச்சுல ஒருத்தருக்கு முழங்கை தெரியும், இன்னொருத்தருக்கு முதுகுதான் தெரியும். கேமரா கோணத்துல பார்த்துட்டு 'கொள்ளை'ன்னு கத்தறதுக்கு முன்னாடி அதை யோசிக்கணும்.

என் கோபம் ஹென்ட்ரிக்ஸ் மேலதான். அஞ்சாவது ரவுண்டுல ஜெயிச்சாச்சுங்கற நினைப்புல இறங்கின மாதிரி ஆடினார். முதல் ரவுண்டு ஊசலாடும்போது கடைசி ரவுண்டை யாராவது விட்டுக்கொடுப்பாங்களா?

எல்போ_ஏகாம்பரம்:
அதுக்குப் பதில் இல்லைதான். ஆனா முதல் ரவுண்டு ஹென்ட்ரிக்ஸுக்கு. மாத்த மாட்டேன்.