மே மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் தங்கச்சிமடம் வீட்டை யாத்திரை வருகிறவர்களுக்கு விடலாமா?

மல்லிகை நாற்று:
வணக்கம். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் சொந்த வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், பின்னால் கிணறு, அதை ஒட்டி மல்லிகை நாற்றுப் பாத்தி. மே மாதத் தொடக்கத்தில் கிளம்பினால் கோயம்புத்தூரில் மகள் வீடு, அங்கிருந்து வால்பாறை என்று பள்ளி திறக்கும்வரை ஊரில் இருக்க மாட்டோம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து ரயில் மறுபடியும் தீவுக்குள் வரத் தொடங்கியதிலிருந்து, தங்க இடம் கிடைக்குமா என்று எங்கள் தெருவிலேயே வந்து கேட்கிறார்கள். சும்மா பூட்டிப் போடுவானேன் என்கிறார் என் கணவர்.

ஒரு தரகர், மாதம் முழுவதற்கும் மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், சாவியை மட்டும் கொடுங்கள், ஆள் பிடிப்பதும் பெருக்குவதும் என் பாடு என்கிறார். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பீரோவை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவேன், நகை வங்கியில் இருக்கிறது. திருட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் சொல்ல வேண்டுமா, மின் கட்டணத்தில் சிக்கல் வருமா, தரகரிடம் விடலாமா, இவைதான் என் சந்தேகம். வீட்டை வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
அக்கா, நீங்கள் கேட்காததை முதலில் சொல்கிறேன். மோட்டார் போடுவதும் குழாய் மாற்றுவதும்தான் என் தொழில். உங்கள் கிணற்றுத் தண்ணீர் இப்போது குடிக்கும்படி இருக்கிறதா, சப்பென்று இருக்கிறதா, உவர்ப்பா? நல்ல தண்ணீர் என்றால் ஆள் எண்ணிக்கையை முடிவு செய்யாமல் எதையும் பேசாதீர்கள்.

இந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் இறங்கிய மழைநீர். அது கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தால் நாள்தோறும் ஊறும். மோட்டாரைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் மறந்தால் கீழே இருக்கும் உப்பு கிணற்றுக்குள் மேலேறிவிடும். ஏறியது மறுநாளே இறங்காது, ஐப்பசி மழைவரை காத்திருக்க வேண்டியதுதான். மே மாதம் என்பது நீர்மட்டம் தரைதட்டும் மாதம்.

யாத்திரை வருகிறவர்கள் எப்படிக் குளிப்பார்கள் என்று யோசியுங்கள். விடியலில் அக்னி தீர்த்தக் கடல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். ஈரத்துணியும் மணலுமாக வீட்டுக்கு வந்து உப்புப் போக ஒரு குளியல், துணியலச ஒரு தடவை. நாலு பேர் வீட்டில் பன்னிரண்டு பேர் இறங்கினால் மேல்தொட்டி காலையிலேயே காலி. அடுத்து என்ன செய்வார்கள்? மோட்டாரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள்.

இன்னொன்று, செப்டிக் டேங்க். மணலில் கழிவுநீர் வேகமாக இறங்கும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

மல்லிகை நாற்று:
தம்பி, தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, அதை வைத்துத்தான் நாற்றே போடுகிறோம். தொட்டி வீட்டின் முன்பக்கம், கிணறு பின்பக்கம், நடுவில் வீடு முழுவதும் இருக்கிறது. ஆனால் மோட்டார் சுவிட்ச் வெளித் திண்ணையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போடலாம். நாற்று உப்புத் தண்ணீரைத் தாங்காது.

கீழக்கரை மருமகன்:
தரகரிடம் மொத்தமாக விடவே விடாதீர்கள். அவர் உங்களுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, அதை எடுக்க வேன் வேனாக ஆள் இறக்குவார். யார் வந்தார், எத்தனை பேர் படுத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை, வீடு மட்டும் உங்கள் பெயரில் இருக்கும். துபாயில் இருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட்ட உறவுக்காரர் ஒருவர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். வந்தவர்கள் மாடியிலிருந்து ட்ரோன் விட்டார்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. விசாரிக்க வந்தவர்கள் ட்ரோன்காரரைத் தேடவில்லை, வீட்டுக்காரரைத் தேடினார்கள்.

வருகிறவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அவர் தமிழராகவே இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். சி படிவம் என்று சொல்லி வந்தது இதைத்தான். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து ராமேஸ்வரம் வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அது லாட்ஜுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் தங்க வைத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். வால்பாறையில் சிக்னல் தேடிக்கொண்டு இதைச் செய்ய முடியாது. முதல் தடவை என்பதால் உள்நாட்டுக் குடும்பம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டரி வாசல்:
மேலே கீழக்கரை அண்ணன் சொன்னதற்குச் சட்டப் பக்கம் சேர்க்கிறேன். தரகருக்கு மாத வாடகை என்று எழுதிக் கொடுத்தால் அவர் வாடகைதாரர் ஆகிவிடுகிறார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி அந்த ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிய வேண்டும், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவர் உள்வாடகைக்கு விடவும் கூடாது. இதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பாருங்கள், மறுநாள் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

நேரடியாக ஒரு குடும்பத்துக்குச் சில நாள் விடுவது வேறு. அதைத் தங்க அனுமதி என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடகைதாரர் என்ற சொல் அதில் வரவே கூடாது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்லும் அனுமதி இதுதான்: வீட்டில் அவருக்கு எந்த உரிமையும் பிறக்காது. தேதி, ஆள் எண்ணிக்கை, முன்பணம், எதற்கெல்லாம் முன்பணத்தில் பிடிப்பீர்கள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஆதார் நகல் கேட்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலே போதும், ஆனால் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஓர் ஆள் வேண்டும்.

ஹோம்ஸ்டே என்று பதிந்துகொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நீங்கள் கேட்பதோ வீட்டில் இல்லாத நாளுக்கு.

வேர்க்கோடு வாசி:
எல்லோரும் எப்படி விடுவது என்றே பேசுகிறீர்கள். இப்படி விடுகிற ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவன் நான், என் பக்கமும் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வேன் வந்து நின்று ஹாரன். கேட் எது என்று தெரியாமல் எங்கள் கதவைத் தட்டுவார்கள். ஈரத்துணி எங்கள் சுவரில் காயும். வீட்டுக்காரர் ஊட்டியில் இருப்பார், வசவு எங்களுக்கு. வாடகை வாங்குகிறவர்கள் முதலில் பக்கத்து வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மல்லிகை நாற்று:
நியாயம்தான் அண்ணா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விசைப்படகு வைத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் மே முழுவதும் கரையில்தான் இருப்பார். அவரிடமும் அவர் மனைவியிடமும் பேசிப் பார்க்கிறேன்.

மின்கம்பம்:
மின் கட்டணக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டு இணைப்பை நாள் வாடகை விடுதிபோல் ஓட்டினால் அதை வணிகப் பயன்பாடு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அனுமதித்த பயன்பாட்டை மீறினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இருமடங்கு கணக்கிடுவார்கள். ஒரு குடும்பம் ஒரு வாரம் தங்குவது ஒன்று, மாதம் முழுக்க வாரத்துக்கு நாலு வேன் என்பது இன்னொன்று.

அதைவிட அன்றாடச் சிக்கல் ஏசிதான். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். மே மாத வெக்கையில் இரண்டு அறையிலும் ஏசியைப் போட்டுவிட்டுத் தனுஷ்கோடி பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நுழையும்போதும் கிளம்பும்போதும் மீட்டரைப் படம் எடுத்து, மின்சாரத்தைத் தனியாக வாங்குங்கள்.

வருமான வரிக்கு அந்த வாடகையை ஒளிக்காமல் காட்டுங்கள். வீட்டு வாடகை வருமானமாக இருந்தால் 30 சதவீதம் கழிவு உண்டு. சாப்பாடு, துணி என்று சேவையும் சேர்ந்தால் கணக்கு மாறும், தணிக்கையாளரைக் கேளுங்கள்.

உப்புக்காற்று:
அக்கா, பூட்டி வைப்பதும் இலவசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் திறக்காத பூட்டு இந்தக் காற்றில் இறுகிவிடும், குழாய்த் திருகு பச்சை பிடிக்கும், நாற்று காயும். ஆள் புழங்குவது வீட்டுக்கு நல்லதுதான். மோட்டாருக்கு டைமர் ஒன்று மாட்டித் தருகிறேன். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், தானாக நின்றுவிடும். சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். குளியலறை வடிகாலில் மணல் பிடிக்கும் சல்லடை போடுங்கள், பின்வாசலில் கால் கழுவ ஒரு குழாய் வையுங்கள். மணல் வீட்டுக்குள் வராவிட்டால் பாதி அடைப்பு வராது.

மல்லிகை நாற்று:
எல்லோருக்கும் நன்றி. தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம், பெரியவர்கள் நாலு பேரும் குழந்தை ஒன்றும், மே நடுவில் ஒரு வாரம் வருகிறார்கள். அவர்களுக்கு மட்டும்தான். மீதி நாளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் கதவைத் திறந்து வைத்து நாற்றுக்குத் தண்ணீர் விடுவார். வாடகையில் ஒரு பங்கு அவருக்கு என்று முன்னாலேயே பேசிவிட்டோம், வேண்டாம் என்றார், விடவில்லை. காவல் நிலையத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கீழக்கரை மருமகன்:
பூட்டிவிட்டு வெளியூர் போகிறோம், இந்தத் தேதிக்கு இன்னார் தங்குவார்கள், சாவி இன்னாரிடம் என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலைப் பக்கத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

உப்புக்காற்று:
டைமர் மாட்ட ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அக்கா. மேல்தொட்டி எத்தனை லிட்டர் என்று பார்த்து வையுங்கள்.